வாசலில் ஒரு சல்யூட்

"உங்க மக கிளம்பிட்டா. தனியாத்தான். நானும் கூட வரேன்னு சொன்னதுக்கு முறைச்சா பாருங்க, பழைய முறைப்பு. எனக்கு அழுகையே வந்துருச்சு," என்று மனைவி போனில் சொன்னபோது, டிரில் மாஸ்டர் கல்லூரி கேட்டின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாப்பாட்டு டப்பாவை அவர் காலையில் மறந்துவிட்டு வந்தது நிஜமான மறதி இல்லை என்று மனைவிக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் மறந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் டப்பாவோடு மனைவிதான் மூச்சு வாங்க வந்து நிற்பாள். இன்றைக்குத்தான் மகள் கிளம்பியிருக்கிறாள். மாஸ்டர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாஸ்டர் என்றால் பாட்டு மாஸ்டரோ டீ மாஸ்டரோ இல்லை. பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நிற்கவும் நடக்கவும் சல்யூட் அடிக்கவும் கற்றுக்கொடுத்தவர். நிற்கக்கூடத் தெரியாமலா அத்தனை வயது வரை வளர்ந்தார்கள் என்று மனைவி கேலி பேசுவாள். தெரியாது என்று இவர் அடித்துச் சொல்வார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று இந்தத் தனியார் கல்லூரியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். மற்ற வாட்ச்மேன்கள் ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பார். மாணவிகள் "குட் மார்னிங் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, அவரைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு எட்டு நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் மகளும் ஒரு காலத்தில் இப்படிச் சிரித்துத் திரிந்தவள்தானே.

நடை பழகிய நாளிலேயே இடது காலைத்தான் முதலில் எடுத்துவைத்தாள் என்று மகளைப் பற்றிக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். அப்படி வந்த பெயர்தான் லெப்ட்டு. வளர்ந்தாள், படித்தாள், யார் சொல்லியும் கேட்காமல் அப்பாவின் பட்டாளத்திலேயே சேர்ந்தாள். தலைமையகத்தில் வயர்லெஸ் பிரிவில் வேலை. அங்கே அவளுக்கு மேலே இருந்தவர்களுக்கெல்லாம் மேலே ஒரு பிரிகேடியர். ஒரு சாயங்காலம் செய்தி கொண்டுபோனவளை உள்ளே வரச் சொல்லிக் கதவைத் தாழிட்டான் அந்த ஆள். பிறகு நடந்ததை அவள் ராணுவ நீதிமன்றத்தில், மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் முன்னால், நின்றபடியே சொன்னாள். குரல் நடுங்கியபோதும் நிறுத்தவில்லை. மாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பெற்ற மகளின் வாயால் எந்த அப்பனும் கேட்கக் கூடாத பேச்சு அது.

குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. தண்டனையை வாசித்தபோதுதான் மாஸ்டர் தன் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகப்பட்டார். பதவியில் ஒரு படி இறக்கிக் கர்னலாக்கி, ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருட சேவையைக் கருத்தில் கொண்டார்களாம். டீசல் திருடிய சமையல்காரன் ஒருவனை அதே பட்டாளம் மைதானத்தின் நடுவே நிறுத்தி, எல்லோரும் பார்க்கத் சட்டைத் தோளிலிருந்த பட்டையைப் பிய்த்தெறிந்து ஜெயிலுக்கு அனுப்பியது. அந்த ஆர்டரை உரக்கப் படித்தவர் மாஸ்டர்தான். அவனுக்கும் சேவை இருந்தது. அதை யாரும் கருத்தில் கொண்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

திரும்பி வரும் வழியில் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவ்வளவுதானாப்பா?"

அவருக்கு வாயில் வந்தது இதுதான். "பட்டாளத்துக்காரனுக்கு மரியாதைதான் கண்ணு உசுரு. அது போச்சு அந்த ஆளுக்கு. இனிமே ஒரு சிப்பாய்கூட அவனுக்குக் கை தூக்க மாட்டான். நான் சொல்றேன்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடிப்பாள் பாவம்? வேலையை விட்டாள், வீட்டுக்கு வந்தாள், அறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெளியே போகச் சொன்னால் தலைவலி என்பாள். ஆனால் எப்போதாவது சாப்பிடும்போது, "அப்பா, நிஜமா யாரும் சல்யூட் அடிக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்பாள். "எவன் அடிப்பான்?" என்று இவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்வார். அதைக் கேட்டபிறகு இன்னும் இரண்டு வாய் சாப்பிடுவாள். மாஸ்டரும் அதற்காகவே கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பழகியிருந்தார்.

பஸ் வந்து நின்றது. பச்சைச் சுடிதாரில் இறங்கினாள். எத்தனை காலமாக அலமாரியில் கிடந்த பச்சை அது. டப்பாவை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாலையின் இரு பக்கமும் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். மாஸ்டருக்குக் கேட்டைத் தாண்டி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும் போலிருந்தது. வேண்டாம், அவளே கடந்து வரட்டும் என்று நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து தடுப்புக் கம்பியின் முன்னால் நின்றது. புது டைரக்டர் இன்றைக்கு வருகிறார், பட்டாளத்துக்காரர் என்று சூப்பர்வைசர் காலையில் சொல்லியிருந்தார். மாஸ்டர் கம்பியைத் தூக்கிவிட்டுத் திரும்பினார். பின் சீட்டில் ஒட்ட வெட்டிய நரைத்தலை, நிமிர்ந்த கழுத்து, அசையாத தாடை.

அது யாருடைய முகம் என்று மனசு கண்டுபிடிப்பதற்குள் கால் தரையில் அறைந்துவிட்டது. கை நெற்றிக்குப் போய்விட்டது.

கண்ணாடி இறங்கியது. அந்த ஆள் உள்ளிருந்தபடியே நிதானமாகக் கையை உயர்த்திப் பதில் சல்யூட் வைத்தான். பெரிய அதிகாரி கையை இறக்கும்வரை கீழே உள்ளவன் இறக்கக் கூடாது. அது விதி, மாஸ்டரே ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அவன் இறக்கவில்லை. "மாஸ்டர்தானே? ஒன்னும் குறையல, அதே சுத்தம்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அதன்பிறகுதான் இறக்கினான். யாருடைய அப்பா என்று தெரிந்து சிரித்தானா, தெரியாமலா என்பது மாஸ்டருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கார் உள்ளே போயிற்று. குறுக்கே ஒரு லாரி கடந்தது. லாரி போனபிறகு பார்த்தால் பஸ் ஸ்டாப்பில் மகள் இல்லை. சிமெண்டு பெஞ்சின் மேல் டப்பா மட்டும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வந்து கேட்டருகே நின்றார். போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். "மாஸ்டர், உங்க காட்டுல மழைதான். டைரக்டர் வந்ததும் வராததுமா உங்களத்தான் கேட்டாரு. நாளையிலேர்ந்து அவரு ஆபீஸ் வாசல்ல நிக்கணுமாம். வெயிலே கெடையாது."

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஏணி வைத்து வரவேற்புத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாணவியர் விடுதி உள்ளிட்ட வளாகத்தின் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கும் பிரிகேடியர் அவர்களே வருக. நீதிமன்றம் இறக்கிய அந்த ஒரு படியையும் தட்டிக்காரன் ஏற்றிவிட்டிருந்தான்.

"அந்த ஆள் கோர்ட்ல தண்டனை வாங்கினவன் சார்," என்றார் மாஸ்டர்.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜ்மெண்டுக்கும் தெரியும் மாஸ்டர். ஏதோ பொம்பள விஷயமாம். அதுக்குத்தான் பதவிய எறக்கிட்டாங்களே, அதோட கணக்குத் தீந்துச்சுங்கறாங்க. நமக்கு எதுக்கு அதெல்லாம்?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தொப்பிக்குள் போட்டார். இரண்டையும் சூப்பர்வைசரின் கையில் கொடுத்தார். "அந்தப் பொம்பள என் மக சார்," என்றார். சூப்பர்வைசர் பாவம், கெட்ட மனுஷன் இல்லை. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். "வந்துட்டா. உள்ளதான் இருக்கா. என்னங்க ஆச்சு? நல்லாத்தானே போனா? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா," என்று கையைப் பிசைந்தாள். மாஸ்டர் டப்பாவை அவளிடம் நீட்டினார். அதன் கனத்தை உணர்ந்ததும் மனைவி அடுத்த கேள்வியைக் கேட்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அறையில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. மகள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் இப்போது உதவவில்லை.

"வேலைய விட்டுட்டு வந்துட்டேன் கண்ணு," என்றார்.

அவள் திரும்பவில்லை. "நான் விட்டேன். இப்ப நீங்களும் விட்டாச்சு. அந்த ஆளுக்கு மட்டும் புது வேலை. யாருக்குப்பா தண்டனை குடுத்தாங்க?" கேலியாகச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

"கை தூக்கிட்டேனேம்மா. யாரும் தூக்க மாட்டாங்கன்னு உங்கிட்ட அத்தனை தடவை சொல்லிட்டு, நானே மொதல்ல தூக்கிட்டேன். இந்தக் கைய வெட்டிப் போட்டாலும் தகும்." மாஸ்டர் அழுதார். மனைவி முன்னால் அழுதிருக்கிறார். மகள் முன்னால் ஒருநாளும் இல்லை.

சமையலறையில் பாத்திரத்தை யாரோ மெதுவாக, சத்தம் வந்துவிடக் கூடாதென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க மேல கோவம்னு நெனச்சீங்களா?" என்றாள் மகள். "கோவமில்லப்பா. கோவமா இருந்தா அங்கயே வந்து சண்டை போட்டிருப்பேன். நீங்க கை தூக்கினத அப்புறந்தான் பாத்தேன். அதுக்கு முன்னாடி, கார் கண்ணாடியில அந்த மூஞ்சி தெரிஞ்சுச்சு பாருங்க, எனக்கும் குதிகால் ரெண்டும் சேந்துருச்சுப்பா. டக்குனு. பக்கத்துல நின்ன அம்மா ஒருத்தங்க திரும்பிப் பாத்தாங்க. கையில டப்பா இருந்துச்சு. இல்லன்னா கையும் போயிருக்கும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "அவன் முன்னாடி நான் அட்டென்ஷன்ல நின்னேன்பா."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பாதங்கள் கண்ணில் பட்டன. இப்போதும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். குதிகால்கள் ஒட்டியிருந்தன, பாத நுனிகள் சரியான அளவு விலகியிருந்தன, முழங்கால் பின்னுக்கு இறுகியிருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. அவரிடம் பழகிய எந்தப் பையனும் அவ்வளவு சுத்தமாக நின்றதில்லை.

கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். முழங்காலால் ஊர்ந்து ஜன்னலோரம் போனார். "போதும் கண்ணு, விடு. கால விடும்மா," என்று சொல்லிக்கொண்டே அவளுடைய குதிகால்களை இரண்டு கைகளாலும் பிடித்தார். சில்லென்று இருந்தன. மெதுவாக, வலிக்காமல், அவற்றைத் தனித்தனியே பிரிக்கப் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, தானும் முயன்றுகொண்டுதான் இருந்தாள்.