பதினொரு அப்பாவு

முத்தம்மா படம் பார்க்க வரவில்லை. புருஷனைப் பார்க்க வந்தாள்.

அப்பாவு இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அதற்கு முந்தின மாதம்தான், ஆயர் தாவார் பக்கம் மிச்சமிருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் சென்னைக்காரர்கள் ஒரு பெரிய படம் எடுத்தார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் கேட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பத்து காஜா ஊரிலிருந்து ஓடினார் மனுஷன். "ஹீரோ கத்துறப்ப நான் கையத் தூக்குவேன், பாரு" என்று வீடு முழுக்கத் தூக்கிக் காட்டினார். ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் அவருடைய வலது முழங்கை நிமிராது. அரைக் கைதான் மேலே போகும். போனில் இருந்த ஒன்றிரண்டு வீடியோவும் போனோடு தொலைந்துவிட்டது. அவர் அசைவதைப் பார்க்க இனி அந்தப் படம் ஒன்றுதான் கதி.

படம் இறங்கிய முதல் நாள் ஈப்போவில் ஆறு ஹாலிலும் அதுதான். விசில், ஆட்டம், கிழித்துப்போட்ட காகிதம். ஹீரோ கத்தியதும் முன் வரிசை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. முத்தம்மா பார்த்ததெல்லாம் முதுகுகளைத்தான். திரும்பும் வழியெல்லாம் காரில் அழுதாள்.

"அழாதீங்கக்கா, இன்னொரு நாள் போலாம்லா" என்றாள் பக்கத்து வீட்டு விமலா.

அந்த இன்னொரு நாள் சுலபத்தில் வரவில்லை. ஞாயிறு வரை டிக்கெட் இல்லை. திங்கட்கிழமை ஹால் மூன்றாகிவிட்டது, விமலாவுக்கு வேலை. புதன்கிழமை ஒரே ஹால், மத்தியானம் ஒரே காட்சி. வியாழக்கிழமை அடுத்த பெரிய படம் இறங்குகிறது.

"மொத மூணு நாள்லயே போட்ட காச எடுத்துருவாங்கக்கா. அப்புறம் சீட்டு காலியா கெடந்தா ஹால்காரன் தூக்கிருவான்."

இத்தனை கோடியைக் கொட்டி எடுத்த படத்துக்கு வாழைப்பழத்தின் ஆயுசுகூட இல்லை!

புதன்கிழமை அந்தக் குளிர்ந்த இருட்டில் மொத்தமே பத்துப் பேர்தான். பாதி நேரம் முத்தம்மா விழித்திருந்தாளா, கனவு கண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் ரப்பர் பால் மரங்களுக்கு நடுவே பனி இறங்கியது. அவள் காலும் சில்லிட்டது. ஹீரோ கத்தினான். இந்த முறை யாரும் எழுந்திருக்கவில்லை.

திரையில், கூட்டத்தின் மூன்றாவது வரிசையில் தலைப்பாகையோடு அப்பாவு. அரைக் கை மேலே போனது.

"அய்யோ, என் சாமி" என்றாள். அதற்குள் மரத்தடியில் இன்னொரு அரைக் கை. மேட்டின் மேல் ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று.

"விமலா, அங்கயும் நிக்கிறாருடி!"

விமலா காதருகே குனிந்தாள். "எரநூறு பேரத்தான் கூப்பிட்டாங்கக்கா. அஞ்சாயிரம் பேருக்குக் கட்டுப்படியாகாதுலா. இவங்களையே கம்ப்யூட்டர்ல திரும்பத் திரும்ப ஒட்டிட்டாங்க."

பட முதலாளிக்குக் கூட்டத்தின் செலவு கையைக் கடித்திருக்கிறது. அதில் முத்தம்மாவுக்கு அடித்தது யோகம். எண்ணினாள். பதினொரு அப்பாவு.

ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று அவள் வாசலில் நின்று கையைத் தூக்கினாள். அவரால் திருப்பித் தூக்க முடியவில்லை. இரண்டு கையிலும் குழாய் செருகியிருந்தார்கள். அது ஒன்றுதான் ஒன்பது மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இப்போது பதினொரு கையும் ஒன்றாக எழுந்து நின்றன. முத்தம்மாவும் தன் கையைத் தூக்கினாள். எந்த அப்பாவுக்கும் குறை வைக்காமல், மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் மெதுவாக ஆட்டினாள்.