ஊன்றுகால்

காளிராஜ் முதலாளி அறைந்த அறையில் இன்பராஜின் கழுத்தில் கிடந்த விசில் கயிறு அறுந்து சரளைத் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவரின் விலாவில் ஓர் உதையும் விழுந்தது. மேடையில் பட்டாசு மருந்து காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். அந்தக் கம்பெனியில் அடி விழுவதை அதற்கு மேல் வேடிக்கை பார்க்கும் வழக்கம் இல்லை.

கோல்ஃப் ஆடப் பழக்கும்போது இன்பராஜ் செய்த குற்றம் இவ்வளவுதான். "மட்டைய எறக்கும்போது எடது கால்ல ஊனுங்க மொதலாளி, அந்தக் கால நெனச்சுப் பயப்படாதீக" என்று சொல்லிவிட்டார்.

அவர் வெளியூர்க்காரர், சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளியின் டிரில் மாஸ்டர். முதலாளியின் இடது தொடையில் அருவாள் வெட்டு ஒன்று இருப்பதும், ஆமத்தூரில் பழைய பகையாளி ஒருவன் வெட்டியது அது என்பதும், சில நேரங்களில் அந்தக் கால் தானாக நடுங்கும் என்பதும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் அந்தக் காலைப் பார்க்கவே மாட்டார்கள். இதையெல்லாம் இன்பராஜைத் தூக்கி உட்காரவைத்து விளக்கிச் சொன்னவர் ஒச்சப்பன். முதலாளிக்கு இளவயதில் சிலம்பம் பழக்கியவர். இப்போது கம்பும் கையுமாக அவருக்குக் காவலாக நிற்பவர். விளக்கம் முடிந்ததும், மறுநாள் மூன்று மணிக்கே வந்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு என்றும் தெரிவித்தார்.

மறுநாளும் இன்பராஜ் வந்தார். வராமல் இருக்க இயலவில்லை. பள்ளியின் புதுக் கட்டடத்திற்குக் கூரை போட்டுத் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். எப்படியாவது அவருக்கு ஆட்டம் பழக்கிவிடும்படி தலைமையாசிரியர் இன்பராஜின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டுச் சித்திரை மாதம். எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியை இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது காளிராஜ் முதலாளியின் ஆசை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய மெட்ராஸ் அதிகாரி, அலுவலகத்தில் யாரையும் ஐந்து நிமிடத்திற்கு மேல் நிற்கவிடாதவர். ஆனால் கோடைக்குக் கொடைக்கானல் வந்தால் நாள் முழுவதும் கோல்ஃப் ஆடுவார். கூட ஆடுகிறவருடன் மனம்விட்டுப் பேசுவார். இன்பராஜோ கொடைக்கானலில் வளர்ந்தவர். அங்கே வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர். இந்தச் செய்தி முதலாளியின் காதுக்கு எட்டியதிலிருந்துதான் இன்பராஜின் மாலை வேளைகள் இப்படி ஆயின.

ஆட்டத்தின் அடிப்படையை அவர் மிகுந்த பணிவோடு எடுத்துச் சொன்னார். மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கும்போது உடம்பு வலது காலைச் சுற்றித் திரும்பலாம். இறக்கும்போது கனம் முழுவதும் இடது காலுக்கு வந்து, அந்தக் காலைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அப்போதுதான் மட்டை முதலில் பந்தைத் தொடும். வலது காலிலேயே நின்றுவிட்டால் பந்துக்குப் பின்னால் இருக்கும் தரையைத்தான் அது கொத்தும்.

ஒச்சப்பன் இதை ஏற்கவில்லை.

"கம்பு வீசுறவன் பின்னங்கால்ல கல்லுமாதிரி நிக்கணும் வாத்தியாரே. முன்னங்கால்ல சாஞ்சான்னா எதிராளி ஒரு தட்டுத் தட்டிச் சாச்சுப்புடுவான்."

"பந்து திருப்பி அடிக்காது அண்ணாச்சி" என்றார் இன்பராஜ்.

முதலாளி அன்று சிரித்துவிட்டார். ஆனாலும் ஒச்சப்பன் பக்கமே சாய்ந்தார். இடது காலை நம்பாமலிருக்க ஒரு நியாயம் கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. அன்றிலிருந்து அவருடைய வலது கால் தரையில் அறைந்த முளைபோல நின்றது. ஒவ்வொரு வீச்சிலும் மரமட்டை பந்துக்கு ஒரு சாண் பின்னால் இறங்கியது. அடிக்கு அடி சரளை தெறித்தது.

பழகுவதற்கு அந்தக் காம்பவுண்டை விட்டால் வேறு இடமும் கிடையாது. சுற்றிலும் கரிசல் காடு. வெயிலுக்கு வெடித்துக் கிடந்த நிலத்தில் விழுந்த பந்து பிளவுக்குள் போய்விடும். காம்பவுண்டுக்குள் மழைச் சகதிக்காகச் சரளை கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். அதில் பாதி வெங்கச்சங்கல் என்னும் கடினமான வெள்ளைக் கல். வேப்பமரத்தடியில் முதலாளி நின்று வீசுவார். அங்கிருந்து ஏழெட்டு எட்டு தள்ளி, சிமெண்ட் மேடையில் குருணையாகத் திரித்த மணி மருந்து காயும். மாரித்தாயும் மற்றப் பெண்களும், முழங்கை வரை அலுமினிய வெள்ளிப்பொடி படிந்த கைகளோடு அதைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். மாரித்தாயின் புருஷன் முந்திய ஆண்டு வேறொரு கம்பெனி விபத்தில் கரிந்துபோனவன். அவளுடைய மகன் இன்பராஜின் வகுப்பில் படித்தான்.

கம்பெனியின் கட்டுப்பாடு கடுமையானது. வாசலில் பீடியும் தீப்பெட்டியும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இரும்பாக ஓர் ஆணிகூட வரக்கூடாது. கரண்டி மரம், உலக்கை மரம், மற்றது பித்தளை. உள்ளே யாரும் ஓடக்கூடாது. முனியசாமி என்ற லோடுமேன் மடியில் பீடித்துண்டு ஒன்றை மறந்து வைத்துக்கொண்டு வந்துவிட்டான். முதலாளி கோல்ஃப் பையில் மரமட்டையோடு கிடந்த இரும்பு மட்டையை உருவினார். முதல் அடி முதுகில் விழுந்தது. விழுந்தவன் கையால் தலையை மூடிக்கொண்டபோது அடுத்த அடி விரல்களில் விழுந்தது. விரல் முறிந்த ஓசை இன்பராஜுக்குக் கேட்டது.

"ஒரு பொறி போதும்லே. அம்புட்டுப் பேரும் சாம்பலாப் போயிருவோம்" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார் முதலாளி. மட்டையின் தலையில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. அதை முனியசாமியின் வேட்டியிலேயே துடைத்துப் பையில் போட்டார்.

அதற்கு அடுத்த நாள் முதலாளி இரும்பு மட்டை பழக விரும்பினார். இரும்பு மட்டைக்குக் காம்பவுண்டுக்கு வெளியே போவதுதான் முறை என்று இன்பராஜ் மன்றாடி, வறண்டு கிடந்த கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனார். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிய நேரம். முதலாளி வலது காலில் ஊன்றி வீசினார். மட்டை பந்துக்குப் பின்னால் கிடந்த வெங்கச்சங்கல்லில் பட்டது. மஞ்சளாய் ஒரு பொறி எழுந்து அணைந்தது. மூவரும் பார்த்தார்கள். ஒச்சப்பன் கம்பை ஊன்றிக் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தார்.

காம்பவுண்டுக்குள் மரமட்டை மட்டும்தான் என்று அன்று முதலாளி வாக்குக் கொடுத்தார். தம்முடைய தாயார் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த வாக்கு, அதிகாரி கொடைக்கானல் வந்துவிட்டார் என்ற தந்தி வரும்வரை நின்றது. தந்தி சனிக்கிழமை மதியம் வந்தது. திங்கட்கிழமை ஆட்டம். முதலாளி கண்மாய்க்குப் போக நேரமில்லை என்றார். வேப்பமரத்தடியில் நின்று, ஒச்சப்பனின் தோளில் தொங்கிய பையிலிருந்து இரும்பு மட்டையை எடுத்தார்.

இன்பராஜ் வாக்கை நினைவூட்டினார்.

"அங்கன வர்றவன், மரமட்டையவே வச்சு வெளையாடுங்கம்பானா?" என்றார் முதலாளி.

"மருந்த அள்ளுற வரைக்கும் பொறுங்க. இல்லன்னா எடது கால்ல ஊனி அடிங்க. கல்லுல படாது. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

முதலாளியின் முகம் கறுத்தது. மட்டையின் கைப்பிடியால் இன்பராஜின் வாயில் குத்தினார். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. அதைத் துப்பிவிட்டு இன்பராஜ் மறுபடியும் பந்துக்கு முன்னால் வந்து நின்றார். ஒச்சப்பன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்.

முதல் வீச்சில் சரளை பறந்தது. கல் உரசிய வாடை எழுந்தது. அணைந்த தீக்குச்சியை மூக்கருகே பிடித்தாற்போன்ற வாடை. காற்று மரத்தடியிலிருந்து மேடைப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. பெண்கள் காய்ந்த மருந்தைத் தட்டுகளில் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். அள்ள அள்ள வெள்ளிப்பொடி புகைபோல எழுந்து அவர்களுடைய இடுப்பளவில் மிதந்தது.

இன்பராஜ் ரத்தம் வழியும் வாயோடு, "மாரித்தாயி, எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று கத்தினார்.

யாரும் ஓடவில்லை. தட்டுக் கையில் இருக்கும்போது ஓடுவதுதான் சாவு என்று பழகிய கால்கள் அவை. தவிர, முதலாளி சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் அடுத்த நாள் வேலை கிடையாது. மாரித்தாய் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அவளைப் பார்க்கவில்லை. அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

இரண்டாவது வீச்சு. மரநிழலில் பொறி தெளிவாகத் தெரிந்தது. தரையோடு ஒரு முழம் ஓடி அணைந்தது. ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியும் பொறியைப் பார்த்தார் என்பதில் இன்பராஜுக்கு ஐயம் இல்லை. பார்த்தபிறகு நிறுத்துவது, இடது காலைப் பற்றி ஒரு வாத்தியார் சொன்னது சரி என்று ஊர் அறிய ஒப்புக்கொள்வதாகும். முதலாளி புதுப் பந்து ஒன்றை வைத்தார். மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கினார். உடம்பின் கனம் முழுவதும் வலது காலில் இறங்கி, முழங்கால் இறுகி நின்றது.

இன்பராஜ் பையிலிருந்து மரமட்டையை உருவினார்.

அதுவரை அவர் யாரையும் அடித்ததில்லை. பள்ளியில் பிரம்பைக்கூடத் தொடமாட்டார். கைகள் என்னவோ தெரிந்ததைச் செய்தன. மட்டை பின்னால் போனது, உடம்பு திரும்பியது, கனம் இடது காலுக்கு வந்தது, வலது குதிகால் தரையை விட்டு எழுந்தது. மரத்தலை காளிராஜ் முதலாளியின் வலது முழங்காலில் பக்கவாட்டில் இறங்கியது. முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வேட்டிக்கு வெளியே வந்தது. இரும்பு மட்டை கையை விட்டு நழுவி, அவருடைய வயிற்றின்மேலேயே விழுந்தது. தரையில் படவில்லை. இன்பராஜ் முதலில் பார்த்தது அதைத்தான்.

மறு நொடி ஒச்சப்பனின் கம்பு அவருடைய தோளில் விழுந்தது. கழுத்தெலும்பு முறிந்தது. அடுத்தது விலா, அடுத்தது காது. இன்பராஜ் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் சுருண்டு கிடந்தார். அடிகளுக்கு நடுவே முதலாளியின் அலறல் சொற்களாக மாறியது.

"எந்தக் கால்ல ஊனணும்னு சொன்னான்? அந்தக் கால ஒடிலே."

ஒச்சப்பன் இன்பராஜின் இடது காலை இழுத்து, தம் பாதத்தால் மிதித்துக்கொண்டு, கம்பை இரு கைகளாலும் ஓங்கினார். இரண்டாவது அடியில்தான் முறிந்தது.

மேடையில் பெண்கள் மருந்தை அள்ளி முடித்து, தட்டுகளை ஒவ்வொன்றாக, ஓடாமல், மருந்து அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகுதான் அழுதுகொண்டே வந்தார்கள். முதலாளியைச் சுற்றித்தான் நின்றார்கள்.

முதலாளியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இன்பராஜை விருதுநகர் ஆஸ்பத்திரியில் போட்டு, கட்டிலருகே ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்தார்கள். கொலை முயற்சி என்று வழக்கு. பொறியைப் பற்றி அவர் இன்ஸ்பெக்டரிடம் விவரமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதுவும் வெடிக்கவில்லையே என்றார். தலைமையாசிரியர் ஒருமுறை வந்து, வேலையிலிருந்து நீக்கிவிட்டதைத் தலைகுனிந்தபடி தெரிவித்துவிட்டுப் போனார்.

மாரித்தாய் வந்தது அதற்கும் பிறகு. கான்ஸ்டபிளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"கம்பெனியப் பூட்டிட்டாக வாத்தியாரய்யா. மொதலாளி எந்திரிக்கிற வரைக்கும் தொறக்க மாட்டாகளாம். ஆர்டரு அம்புட்டும் வேற ஆளுக்குப் போயிருச்சு. சீசன் நேரத்துல எங்க வயித்துல அடிச்சுட்டீகளே."

பல் போன இடத்தில் இன்பராஜின் நாக்கு துழாவிக்கொண்டிருந்தது.

"பொறி பறந்துச்சுன்னு சொல்லுதீகளாம். நாங்க ஒண்ணும் பாக்கலியே."

"நீ பாத்திருந்தேன்னா உசுரோட இங்கன வந்து நின்னுருக்க மாட்டே, மாரித்தாயி."

அவள் அவருடைய கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். புருஷனின் நினைவு வந்ததோ என்னவோ, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"கோர்ட்டுல என்னையச் சாட்சிக்குக் கூப்புடுதாக. என்ன சொல்ல? நான் கண்ணால கண்டது நீங்க அடிச்சத மட்டும்தான்."

"அதையே சொல்லு" என்றார் இன்பராஜ்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். கூடம் போன்ற அந்த நீண்ட வார்டில், கட்டில்களுக்கு நடுவே அவள் வாசல் வரை நடந்து போவதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.