உள்ளே விட்ட துணி

தையல்காரர் காலையில் கடை ஷட்டரைத் தூக்குவார், மிஷினைத் துடைப்பார், இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார், பாபினில் நூல் சுற்றுவார், பிறகு வாசலில் நிற்கும் வெள்ளை அங்கியை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைப்பார். அங்கிக்குள் ஆள் கிடையாது. அடுத்த தெருக் கன்னியர் மடத்திலிருந்து அது தானாக நடந்து வந்துவிடும். மழை நாளில் கீழ் விளிம்பைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வரும். முதல் நாள் அதைப் பார்த்துப் பால்காரர் சைக்கிளிலிருந்து விழுந்தார், மறுநாள் மணியடித்து வழி கேட்டார், அதற்குப் பிறகு வணக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் தையல்காரர் அதற்கு இஸ்திரி போட்டு மடத்தில் கொண்டுபோய் விடுவார். விடிந்தால் மறுபடி வாசலில் நிற்கும்.

அங்கி அவருடைய ஒரே மகளுக்குத் தைத்தது. மனைவி இறந்த பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது அவளுடைய சத்தம்தான். ரேடியோ செய்தியோடுகூடச் சண்டை போடுவாள். அவள் மடத்தில் சேரப் போகிறேன் என்றபோது, "உன் வாய்க்கு அவங்க ஓடிப்போயிருவாங்க" என்று சிரித்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. சேர்ந்து, பயிற்சியும் முடித்துவிட்டாள். அங்கியை வேறொருவன் தைப்பதா என்று ரோஷம் வந்து இவரே தைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போடும் சடங்கு. அதற்குள் அங்கி மடத்தில் தங்காவிட்டால் அவளும் தங்க முடியாது என்று மடத்துத் தலைவி சொல்லிவிட்டார். தையல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்; உள்ளுக்குள் விசிலடித்தார்.

சனிக்கிழமை மகளே கடைக்கு வந்து அங்கியைப் புரட்டினாள்.

"என்னப்பா, இவ்வளவு துணி உள்ள விட்டிருக்கீங்க?"

"நீ பெருத்தா பிரிச்சு விட வேண்டாமா? கல்யாணப் பொண்ணுக்கும் அப்படித்தான் தைக்கிறோம்."

"திரும்பி வந்தா வீட்டுல போட்டுக்க ஆகும்னு, கல்யாணப் பொண்ணுக்கு உள்பக்கமா சாக்பீஸால கவுன் கழுத்தும் வரைஞ்சு வைப்பீங்களோ?"

அவர் விழாத ஊசியைத் தேடி மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"எனக்கும் இது கல்யாணத் துணிதாம்ப்பா. பாதியை வீட்டுக்குன்னு தைச்சா அது வீட்டுக்குத்தானே வரும்? அங்கியைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்து கத்தரிக்கோலைத் தேடியது. உள்ளே விட்ட துணியைச் சாக்பீஸ் கோட்டோடு சேர்த்து வெட்டியதும் அங்கி எழுந்து உதறிக்கொண்டு, மகளின் பக்கத்தில் நடந்து போனது. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள்.

சடங்கன்று அங்கி அவளுக்கு ஒரு சுருக்கமில்லாமல் பொருந்தியது. வெட்டிய துணியை எறியத் தையல்காரருக்கு மனம் வரவில்லை; தன் பழைய சட்டைக்குப் பை தைத்துப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை மிஷினுக்கு எண்ணெய் விட்டு நிமிர்ந்தார். சட்டை அவரை இழுத்துக்கொண்டு போய் மடத்து வாசலில் நிறுத்தியது. மறுநாளும் அப்படியே. சிஸ்டர்கள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, பட்டன் போன தலையணை உறைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடை தாமதமாகத் திறக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். பால்காரர் சைக்கிளை ஒதுக்கி வழிவிடுவார்.

சடங்கில் மகள் அப்பாவிடம் பெரிய ஞான வார்த்தை ஏதோ சொன்னதாக ஊரில் பேச்சு உண்டு. அதெல்லாம் கட்டிவிட்ட கதை. அந்தத் திங்கட்கிழமை, மடத்துக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவருடைய வெள்ளைப் பையைத் தடவிப் பார்த்தவள், ஜெப மணி அடிக்க, உள்ளே ஓடுமுன் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"தினமும் வாங்கப்பா. ஆனா சட்டையைத் துவைச்சுப் போட்டுட்டு வாங்க."