ராகு காலத்தில் வந்த படகு

ஆற்றைக் குறை சொல்லாதீர்கள். கிள்ளான் ஆறு அன்றைக்கு வர வேண்டிய நேரத்தில் வந்தது, போக வேண்டிய நேரத்தில் போனது. எங்கள் ஆட்களுக்குத்தான் புத்தி வரவில்லை. இதைச் சொன்னால் "பவுனம்மாளுக்கு வாய் நீளம்" என்பார்கள். நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கிள்ளான் பட்டணத்துக்குச் சற்று மேலே, ஆற்று வளைவில் பழைய படகுத்துறை ஒன்று உண்டு. ரயில் கடலோரம் வரை போகாத காலத்தில் சரக்கெல்லாம் அங்கேதான் வந்து இறங்குமாம். பிறகு ஆறு கடலில் சேரும் இடத்தில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். ரயில் நேரே அங்கே போனது, எங்கள் துறையில் புல் முளைத்தது. என் வீட்டுக்காரர் கன்னையா மாட்டு வண்டிக்காரர். மேரு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பரும் தேங்காயும் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுவருவார். அந்தப் பிழைப்புக்கும் லோரி வந்து சேர்ந்தது. லோரி ஒரே நாளில் அடிக்கிற சுமையை எங்கள் மயிலையும் செவலையும் வாரம் முழுக்க இழுக்க வேண்டும்.

மயிலையும் செவலையும் எங்கள் மாடுகள். கன்றிலிருந்து நான் கஞ்சி ஊற்றி வளர்த்தவை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வண்டிக்கு வேலை இல்லாமல் போனால் இரண்டையும் விற்றுவிட்டு அவர் கூலிக்குப் போக வேண்டியதுதான். இந்தப் பயத்தோடுதான் நான் தினமும் அடுப்பு பற்றவைப்பேன்.

அப்போதுதான் அரிசிக் கடை பழனியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய துறையைத் திரும்பத் திறந்தால் என்ன? கப்பல் அரிசியைப் படகில் ஆற்றோடு ஏற்றிக் கொண்டுவரலாம், திரும்பிப் போகும் படகில் தோட்டத்துச் சரக்கை அனுப்பலாம். ரயில் வாடகை மிச்சம். சுற்று வட்டாரத்துக் கடைக்காரன், தோட்டக்காரன் எல்லாருக்கும் லாபம். எல்லாவற்றையும்விட, துறைக்குப் போகிற பாதை களிமண். லோரி இறங்கினால் எழுந்திருக்காது, மாட்டு வண்டிதான் போகும்! இதைக் கேட்ட அன்றைக்கு நான் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பழனியப்பனும், துரைமார் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஜெயராஜும் நடையாய் நடந்தார்கள். ஜெயராஜ் மெத்தடிஸ்ட் கோயில்காரர், நல்ல மனுசர். எத்தனையோ மாதம் இழுத்தடித்த பிறகு கோலாலம்பூர் துரை ஒருவர் இறங்கி வந்தார். ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்றார். ஒரு படகு வர வேண்டும், அவர் கண் முன்னால் சரக்கை இறக்கிவிட்டு, வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு, ஏறிய தண்ணீர் வடிவதற்குள் திரும்பிப் போக வேண்டும். அது நடந்தால் ஆற்றைத் தூர்வாரித் துறையைக் கட்டித் தருவோம். தான் வந்து பார்க்கும் முன்னால் ஒரு மூட்டைகூட அசையக் கூடாது. அவ்வளவுதான் பேச்சு.

நாங்கள் பாதையில் புதர் வெட்டினோம். பலகை போட்டோம். வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான்தான் சோறு ஆக்கிப் போட்டேன்.

படகுக்காரர் பாக் சாலே மலாய்க்காரர். கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி வரும்போது படகும் ஏறி வரும், வடியும்போது கூடவே போய்விட வேண்டும். அவர் பார்த்துச் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். "அதுக்குள்ள தேங்காய் ஒடைச்சு மொத மூட்டையை எறக்கிடலாம்" என்று என் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தை மடித்து வைத்தார்.

படகு சொன்னபடி வந்தது. அரிசி மூட்டையும் கருவாட்டுக் கூடையுமாக, துறை நிறையத் தண்ணீரில் அது வந்து ஒட்டி நின்ற அழகு இருக்கிறதே! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. மாடுகளுக்குச் சந்தனம், குங்குமம். வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். எல்லாம் தயார். துரையைத்தான் காணோம். கார் வழியில் படுத்துவிட்டதாம்.

அவர் வந்து இறங்கியபோது ராகு காலம் பிறந்துவிட்டது.

"ஆரம்பிங்கண்ணே" என்றார் ஜெயராஜ்.

ஒருவரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பன்னெண்டு ஆகட்டும் தம்பி. புதுத் தொழில், மொத சுமை. ராகு காலத்துல மொத சுமையைத் தொட்டா அந்தத் தொழில் வெளங்குமா?" என்றார்.

"அண்ணே, தண்ணி நிக்காதுண்ணே!"

"நீ வேதக்காரன். ஒனக்கு இதெல்லாம் தெரியாது."

வண்டிக்காரர் கூட்டம் முழுக்க ஆமாம் போட்டது. பழனியப்பன் ஒரு தரம் ஆற்றைப் பார்த்தார், ஒரு தரம் வானத்தைப் பார்த்தார். பெரிய மனுசர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை! துரை என்னவோ கேட்டார். ஜெயராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். சாமி கும்பிடுகிறார்கள் என்று சொன்னாராம். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார். எத்தனை நேரம்தான் நிற்பார்?

படகிலிருந்து பாக் சாலே கத்தினார். "ஆயிர் சூருட்! செப்பாட் லா, செப்பாட்!" தண்ணீர் வடிகிறது, சீக்கிரம் என்று அர்த்தம். கரையில் ஈரக் கோடு தெரிய ஆரம்பித்தது. படகுக்குப் போட்ட பலகையின் கரைப் பக்கம் மேலே, படகுப் பக்கம் கீழே.

"நம்ம ஊரு ராகுக்குக் கிள்ளான் ஆத்துத் தண்ணி தெரியுமாய்யா? போய் எறக்குங்கய்யா!" என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, போங்கடா என்று புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பலகையில் ஏறினேன். ஒரு கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டேன். ஒரு கால் மண்ணில் பட்டதும் பட்டது, என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். உதவிக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கூடையை என் தலையிலிருந்து இறக்கி, கொண்டுபோய்ப் படகிலேயே திரும்ப வைத்தார்.

"ஒனக்குப் பைத்தியமா பவுனு? ஊரு வாயில விழணுமா?"

எனக்கா பைத்தியம்!

பன்னிரண்டு மணிக்குச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. அப்போது படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. ஆட்கள் தொடையளவு சேற்றில் இறங்கி மூட்டையைத் தூக்கினார்கள். வழுக்கி விழுந்தார்கள், அரிசி நனைந்தது. துரை சற்று நேரம் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். நடுப்பகலில் படகு சேற்றில் படுத்துக்கிடக்கிற இடத்துக்குத் துறைமுகம் எதற்கு என்று கேட்டாராம். அவர் கேட்டதில் என்ன தப்பு? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது நாங்கள்.

விளக்கு வைத்த பிறகு தண்ணீர் திரும்ப ஏறியது. படகு தானாக நிமிர்ந்து, சத்தமில்லாமல் கிளம்பிப் போனது. பார்க்கத்தான் துரை இல்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "ராகு காலத்துல எறக்கியிருந்தா யாரு தலையிலயாச்சும் மூட்டை விழுந்திருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க."

"தலைப்பாகை போகல. மாடு போகப் போவுது" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், வாயில் வைக்கவில்லை.

ஆபீசிலிருந்து முடியாது என்று பதில் வந்தது. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரருக்குக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில் சரக்குக் கொட்டகையில் கூலி வேலை கிடைத்தது. அங்கே கூலிக்காரர் லயத்து வீட்டில் மனுசருக்கே இடம் இல்லை, மாட்டை எங்கே கட்டுவது?

பண்டமாரானிலிருந்து ஓர் ஆள் மாடு வாங்க வந்தார். வண்டி கட்டவா, வேறெதற்காவதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த நீள வாய்க்கு அன்றைக்கு அந்தத் தைரியம் இல்லை. பேச்சு முடிந்தது. என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. அந்த ஆள் தும்பை அவிழ்த்தார். செவலை எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தது. ரயிலடிப் பக்கம் நடுப்பகல் சங்கு ஊதியது. புதன்கிழமை.

"அண்ணே, நில்லுங்க" என்றேன். "ராகு காலம் பொறந்திருச்சு. ஒண்ணரைக்கு மேல ஓட்டிட்டுப் போங்க. உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

அந்த ஆளும் நம்மவர்தானே. "அட, ஆமா தாயி" என்று தும்பைத் திரும்பக் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் தவிட்டுத் தண்ணீர் கலக்கப் போனேன்.