மூளியாக விடக்கூடாத பெட்டி

பூப்பாறையில் ரேடியோ பழுது பார்க்கும் பவுல்ராஜுக்குத் தொழில் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் அன்று சாந்தன்பாறைப் பங்களாவுக்கு ஜீப்பில் போகும்போது, டிரைவர் சொன்ன ஒரு சேதி அந்த அல்வாவைக் கசக்க வைத்தது. அவன் பழுது பார்க்கப்போகும் பெட்டி பேசினால்தான் ஒரு மனுஷன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்புவானாம்.

பங்களாவும் ஏலத்தோட்டமும் கல்பாத்தி துரைசுவாமியுடையவை. பெட்டி, அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. சாயங்காலம் சுவிட்சைப் போட்டுவிட்டால், ஏலக்காய் மூட்டைகள் இருக்கும் பின்னறைக் கதவை யார் திறந்தாலும் நாடா சுற்ற ஆரம்பித்து, உள்ளே நடக்கும் பேச்சைப் பதிந்துகொள்ளும். போன வாரம் ஆயுத பூஜை ராத்திரி அந்த அறையிலிருந்துதான் மூட்டைகள் களவு போயின. களவு தெரிந்து ஓடிவந்து பார்த்தால் பெட்டிக்கு உயிரில்லை. அதன் நாடாவை வேறு எந்த மிஷினிலும் போட்டுக் கேட்கவும் வழியில்லை.

காவல்காரன் மொக்கையன்தான் பெட்டியைக் கெடுத்துக் களவுக்குத் துணைபோனவன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தானோ தன் வீட்டாரோ அதைத் தொட்டதே இல்லை என்று அவன் பெற்ற பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். யார் கேட்டார்கள்!

"பவுல்ராஜே, நீர் எப்படியாவது இதைச் சரியாக்கணும்," என்றார் துரைசுவாமி. "கள்ளன் சப்தம் அதுல இருந்தா மொக்கையனை இன்னிக்கே கூட்டிண்டு வந்துடறேன். யாராவது வேணும்னே கெடுத்திருந்தா, அப்பறம் என் கையில ஒண்ணும் இல்லை, கேட்டேரா?"

அவர் முன்னறைக்குப் போனதும் மொக்கையனின் மனைவி வேலுத்தாய் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. "அண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அதப் பேச வச்சுருங்கண்ணே. பேசுச்சுன்னா அவுக வந்துருவாக," என்றாள்.

"பேச வச்சுரலாம்மா. நீ அழுகாத," என்று சொல்லிக்கொண்டே பவுல்ராஜ் மூடியின் திருகாணிகளைக் கழற்றினான்.

மூடியில் காற்றுக்காக விட்டிருந்த துவாரங்களுக்கு நேர் கீழே, சர்க்யூட் போர்டின் செப்புக் கோடுகள்மேல் என்னவோ மஞ்சளாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான். சந்தனமும் குங்குமமும்! தண்ணீராய் இறங்கிய சந்தனம் ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் பாலம் போட்டு, போர்டை அரித்துப் பச்சை பூக்க வைத்திருந்தது.

நிமிர்ந்தான். வேலுத்தாயின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாந்தேண்ணே," என்றாள், முன்னறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு. "ஆயுத பூசைக்குத் தராசு, சல்லடை, ஜீப்பு, மருந்தடிக்கிற மிசினுன்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்சாக. இது கரண்டு சாமான், தொடக்கூடாதுன்னு பங்களா சாமி சொல்லிட்டாரு. நல்ல நாளும் அதுவுமா இத மட்டும் மூளியா விட மனசு வரலண்ணே. விளக்கு வைக்கிற நேரத்துல அவுக சாவிய எடுத்து உள்ள வந்து வச்சுப்புட்டேன். விடிஞ்சு களவுன்னு எல்லாரும் மூட்டையப் பாக்கயில மேலாகத் தொடச்சுட்டேன். உள்ள எறங்கும்னு எனக்கென்ன தெரியும்? அவுகளுக்கே தெரியாது. தெரியாமத்தான் அவுக பிள்ள தலையில அடிச்சாக."

அட பாவி மகளே! வேண்டாத வேலை என்று திட்டத்தான் வாய் வந்தது பவுல்ராஜுக்கு. அந்தக் கண்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"வாயத் தெறக்காத. ஈரம் எறங்கிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றான். அவனுக்குப் பொய் பழக்கமில்லை. ஆனாலும் இந்த மலையில் ஐப்பசி ஈரம் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துச் சந்தனத்தை ஒரு துளி இல்லாமல் துடைத்தெடுத்தான். அறுந்த கோடுகளுக்குக் கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தான். அவன் கை அன்றைக்குப் போல என்றைக்கும் கவனமாக இருந்ததில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. வேலுத்தாய் சத்தமில்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

துரைசுவாமி வந்தார். "என்னவாக்கும் கேடு?"

"ஈரம்தான் சாமி."

"ஈரமோ? ஆயிருக்கும், ஆயிருக்கும். நாடாவைப் போடும்."

பவுல்ராஜ் நாடாவைப் பின்னுக்குச் சுற்றிப் பொத்தானை அழுத்தினான். கள்ளன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும் கர்த்தரே என்று மனசுக்குள் மன்றாடினான். கதவு கிரீச்சிட்டது. காலடிச் சத்தம். வளையல் சத்தம். அப்புறம் ஒரு பெண்ணின் குரல், குழந்தையிடம் கொஞ்சுகிற மாதிரி:

"பொட்டு வச்சாச்சு சாமி, இப்பத்தேன் லச்சணமா இருக்க. அவுக இருமலுக்கு மருந்தக் குடிச்சுப்புட்டு ராத்திரி அசந்து தூங்கிருறாக. ஒன்னைய நம்பித்தேன் இருக்கேன். அவுக தூங்குனாலும் நீ முழிச்சுக்க. யார்கிட்டயும் சொல்லிராத, என்ன?"

கரகரவென்று ஒரு இரைச்சல். அதற்குப் பிறகு நாடாவில் ஒன்றுமே இல்லை.

பவுல்ராஜ் சட்டென்று நிறுத்தினான். நிறுத்தி என்ன பிரயோஜனம்! துரைசுவாமி அவனையே பார்த்தார். "ஈரம்னீரே," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அவர் குரலில் அது இல்லை.

"மொக்கையன் கள்ளன் இல்லேன்னு ஸ்டேஷன்ல பறைஞ்சுடறேன். அது நியாயம். ஆனா உறங்கற ஆளைக் காவலுக்கு வச்சுக்க முடியாது. லயத்து வீட்டை ஒழிச்சுக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிடுங்கோ."

இருமல் நோய்க்காரனுக்கு வேறு எந்தத் தோட்டத்தில் வேலை கொடுப்பார்கள்? ஊரில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? பவுல்ராஜ் கேட்க நினைத்தான். பொய்யன் என்று பிடிபட்டவன் சொல்லை யார் எடுப்பார்கள்? கொஞ்சம் மோசமாக ஈயம் வைத்திருக்கக் கூடாதா என்று தன் கையையே சபித்துக்கொண்டு சாமான்களைப் பையில் போட்டான்.

வேலுத்தாய் அழவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிராதன்னுதானே அண்ணே அதுகிட்டச் சொன்னேன்," என்றாள்.