சிம் வாங்க மட்டும்

அடையாள அட்டையின் நகலில் மடித்துத் தந்த பஜ்ஜியைத் தின்றவர் அந்த நகலுக்கு உரியவராகிவிடுவார். திருநெல்வேலியில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் விவரமானவர்கள் நகலின் குறுக்கே, எதற்காகத் தருகிறோம் என்று எழுதிவிடுவார்கள்.

நர்ஸ் செண்பகவல்லியும் விவரமானவள்தான். கடையில் கொடுத்த நகலில் ‘சிம் வாங்க மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். கடைக்காரன் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுத் தொலைத்தான்.

அன்று இடமாறுதல் கலந்தாய்வு. ராமநாதபுரத்தில் ஏழு வருஷம் ஊசி போட்டுக் காலம் தள்ளியவள், தென்காசியில் தகப்பனிடம் வளரும் மகள் பூரணியோடு இனியாவது இருக்கலாம் என்று வந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். அவளுக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட மீசைக்காரர் ஒருவர் போய், வாயைத் துடைத்துக்கொண்டு, செண்பகவல்லி என்று கையெழுத்துப் போட்டார். தென்காசி வேண்டாம், கோத்தகிரி கொடுங்கள், எனக்குக் குளிர் பிடிக்கும் என்றார்.

“செண்பகவல்லி நான் சார்!”

மீசைக்காரர் சான்றாக நீட்டிய காகிதத்தைக் கிளார்க் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் ஊறியிருந்தாலும் படம் தெளிவாகத்தான் இருந்தது.

“சிம் வாங்க மட்டும்னுதான் எழுதியிருக்கீங்க. பஜ்ஜி மடிக்கக் கூடாதுன்னு எழுதலையேம்மா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ தின்னப்போகும் பஜ்ஜிக்கும் அவளா எழுதி வைக்க வேண்டும்? வாழைக்காயையும் எண்ணெய்ச் சட்டியையும் நினைத்துக்கொண்டா ஒரு மனுஷி சிம் வாங்குவாள்?

“ஏழு வருஷம் பிள்ளையப் பிரிஞ்சு கிடந்தவ நான். இவரு ரெண்டு பஜ்ஜி தின்னாரு. ரெண்டும் ஒண்ணா சார்?”

“மூணு பஜ்ஜி,” என்றார் மீசைக்காரர். நேர்மையான ஆள்.

கிளார்க் பதிவேட்டைப் புரட்டினார். “கோவப்படாதீங்க. இவரு இருந்த இடம் காலியாத்தான் இருக்கு. இசக்கிமுத்து, பஸ் டிரைவர். தென்காசி வண்டி.”

தென்காசி என்று காதில் விழுந்ததும் பேனாவைப் பிடுங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இசக்கிமுத்து என்று எழுதிய வேகத்தில் காகிதம் கிழிந்தது.

வாசலில் பஸ் நிறைந்து நின்றது. “என்ன அண்ணாச்சி, பஜ்ஜி திங்க இவ்வளவு நேரமா?” என்றார் கண்டக்டர். டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டத் தெரிந்திருந்தது.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் பூரணி பள்ளிச் சீருடையோடு காத்திருந்தாள். இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்து முடித்துவிட்டு, டிரைவர் ஜன்னலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“மாமா, எங்கம்மா இதுல வரலியா?”

செண்பகவல்லி ஜன்னல் வழியே குனிந்தாள். “உங்கம்மா கோத்தகிரிக்குப் போயிட்டா, கண்ணு. அவளுக்குக் குளிர் பிடிக்குமாம்.”

“ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனாங்களா?”

“இல்ல. நல்லா நடுங்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, இசக்கிமுத்து வண்டியை டிப்போவுக்குத் திருப்பினார்.