புளோரிடா எண்ணி முடிக்கட்டும்

மதார் சாகிப் செங்கல்பட்டுக்காரர்களிடம் எட்டாம் தேதி பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது இரண்டாயிரமாவது ஆண்டு நவம்பர் மாதம். செங்கல்பட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பையனுக்கு அவர் மகள் ஷஃபானாவைக் கேட்டிருந்தார்கள். ரமலான் பிறப்பதற்குள் நிக்காஹை முடித்துவிட வேண்டும் என்று பையனின் அம்மா அவசரப்பட்டாள். எட்டாம் தேதியில் ஏதோ விசேஷம் இருக்கிறது போலும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். விசேஷம் இருக்கத்தான் செய்தது, ஆனால் இந்த நாட்டில் இல்லை. அன்றைக்குத்தான் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் முடிவு வருவதாக இருந்தது.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்கிற மனிதருக்கு அமெரிக்க ஜனாதிபதியிடம் என்ன வேலை என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். அவருடைய அக்கா பதருன்னிசாவின் ஒரே மகன் அயாஸ், ஆறு வருஷத்துக்கு முன் விசிட் விசாவில் நியூ ஜெர்சிக்குப் போனவன், அங்கேயே ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டான். போகும்போதே ஷஃபானா அவனுக்குத்தான் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அங்கே தங்குவதற்கான பேப்பர் இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், பேப்பர் கிடைத்ததும் வந்துவிடுகிறேன் என்பது வருஷா வருஷம் அவன் சொல்லும் பதில். இந்த வருஷம் கொஞ்சம் மாற்றிச் சொன்னான். "இந்த எலெக்ஷன்ல நம்ம ஆளு ஜெயிச்சா எல்லாருக்கும் பேப்பர் குடுத்துடுவாங்கம்மா." அன்றிலிருந்து அங்கே துணை ஜனாதிபதியாக இருந்தவர் இந்த வீட்டில் 'நம்ம ஆளு' ஆகிவிட்டார். அவர் பெயர் பதருன்னிசாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை.

ஷஃபானாவுக்கு இருபத்தேழு வயது. நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். மூன்று வயதில் தாயை இழந்தவளை மாமி பதருன்னிசாதான் தூக்கி வளர்த்தாள். அதனாலேயே இந்தச் சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துப் பேச அவளுக்கு வாய் வந்ததில்லை. முதல் இரண்டு வருஷம் அயாஸின் போனுக்காக ஏங்கினாள். அப்புறம் கோபப்பட்டாள். அப்புறம் கோபமும் போய்விட்டது. மாமி பத்து நிமிஷம் பேசிவிட்டு ரிசீவரை நீட்டுவாள். "சாப்டியா?" என்று அவன் கேட்பான். "சாப்டேன்" என்று இவள் சொல்வாள். மரத்துப்போன காலை நாம் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல இருக்குமே, அவளுக்கு அந்த நிக்காஹைப் பற்றி நினைத்தால் அப்படித்தான் இருந்தது.

எட்டாம் தேதி காலை ஆறு மணிக்கெல்லாம் அத்தா மதார் சாகிப்பும் மாமியும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். அங்கே குடியிருக்கும் பார்த்தசாரதி கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர். கேபிளில் வெளிநாட்டுச் செய்தி பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதர். இதற்காகவே லீவு போட்டிருந்தார். அவர் ஆதரவு எதிர் ஆளுக்கு. பழைய ஜனாதிபதியின் மகன் வந்தால், நாம் அணுகுண்டு வெடித்ததற்காக அமெரிக்கா போட்ட தடைகளை எடுத்துவிடுவார் என்பது அவர் கட்சி.

ஆறே கால் தாண்டியதும் டிவியில் புளோரிடா என்ற மாநிலத்துக்கு வண்ணம் மாறியது. பார்த்தசாரதியின் முகம் தொங்கியது.

"இன்னா சார், முடிஞ்சுதா?" என்றார் மதார் சாகிப்.

"புளோரிடா உங்க ஆளுக்குப் போயிடுத்து. இனிமே கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்."

மதார் சாகிப் முப்பது வருஷமாக ஓட்டு எண்ணுவதைப் பார்த்தவர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக்கில் பெயரைச் சொல்வார்கள், வெடி வெடிக்கும், ஜெயித்தவர் ஜீப்பில் ஏறுவார். ஏறியவரை யாரும் இறக்கி அவர் பார்த்ததில்லை. ஆகவே அவர் கீழே வந்தார், செங்கல்பட்டுக்குப் போன் போட்டார். "மன்னிச்சுக்குங்க. அக்கா மவன் வந்துடுவான்போல கீது. நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். ஒருத்தரை வீணாகக் காக்க வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பதருன்னிசா மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷஃபானா மாமியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தனக்குச் சந்தோஷமா என்று யோசித்துப் பார்த்தாள். அடுப்பில் பால் வைத்தது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

எட்டரை மணிக்குப் பார்த்தசாரதி படியில் நின்று குரல் கொடுத்தார். "சாகிப்! புளோரிடாவை டிவிக்காரன் திருப்பி எடுத்துண்டுட்டான்!"

"குடுத்தத எப்டி சார் வாங்குவான்?"

"அவன் எண்ணிச் சொல்லலை. ஓட்டுப் போட்டுட்டு வந்தவாளைக் கேட்டு, ஒரு உத்தேசமாச் சொன்னது."

"எண்ணாமயே ஜெயிச்சான்னு சொல்லிட்டானா?" மதார் சாகிப் நிஜமாகவே அதிர்ந்துபோனார். அவ்வளவு பெரிய நாடு இப்படிச் செய்யும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பதருன்னிசாவுக்கு வேறு நியாயம். "எம்புள்ள கீறது நியூ ஜெர்சி. அங்க நம்ம ஆளு ஜெயிச்சாச்சின்னு காமிச்சாங்க இல்ல? புளோரிடால எவன் வந்தா எனக்கு இன்னா?"

பார்த்தசாரதி விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

கடைத்தெருவுக்கும் விஷயம் பரவியது. ராஜேந்திரன் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. ஈராக்மேல் அப்பன் போட்ட குண்டை நினைத்துப் பழைய ஜனாதிபதியின் மகன் வேண்டாமென்றான் ஒருவன், இன்னொருவன் அமெரிக்கா போவதற்காகக் கம்ப்யூட்டர் படிக்கும் தம்பியை நினைத்து அவரையே வேண்டுமென்றான். கடைக்குப் போயிருந்த மதார் சாகிப் டீயை ஆறவிட்டார்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு எதிர் ஆள் ஜெயித்ததாக டிவி சொல்லிவிட்டது. புளோரிடாவும் அவருக்கே. இந்தத் தடவை நிஜமாகவே எண்ணிச் சொன்னார்களா என்று மதார் சாகிப் மூன்று தரம் கேட்டார். அநேகமாக எண்ணியாயிற்று, இனி மாறாது என்றார் பார்த்தசாரதி. மானத்தை விட்டு மறுபடியும் செங்கல்பட்டுக்குப் போன் போட்டார் மதார் சாகிப். தப்பாகச் சொல்லிவிட்டேன், தயவுசெய்து இன்றைக்கே புறப்பட்டு வாருங்கள் என்று கெஞ்சினார். பதருன்னிசா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பையனின் அம்மாவும் பெரியப்பாவும் காரில் வந்து இறங்கியபோது மணி இரண்டு இருபது. ஷஃபானா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு டீ கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா அவளை உட்காரச் சொன்னாள். எதிரே ஒரு நல்ல மனுஷிதான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஷஃபானாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்தும் மனசு அசையவில்லை. அத்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச வாயெடுத்தார். அப்போது பார்த்தசாரதி படியிறங்கி ஓடிவந்தார்.

"சாகிப், அதையும் வாபஸ் வாங்கிட்டான்! வித்தியாசம் ரொம்பக் கம்மியாம், திரும்ப எண்ணப் போறாளாம்!"

உள்ளறையிலிருந்து பதருன்னிசா எழுந்து வந்தாள். "பாத்தியா தம்பி? நான்தான் சொன்னேனே. எம்புள்ளைக்கு இன்னும் வழி கீது."

செங்கல்பட்டு அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னா பாய் இது? காலைல வராதேன்னீங்க. மதியானம் வான்னீங்க. எவனோ அமெரிக்காவுல ஓட்டு எண்றதுக்கும் உங்க பொண்ணுக்கும் இன்னா சம்பந்தம்?"

மதார் சாகிப் தரையைப் பார்த்தார். சம்பந்தத்தை விளக்கிச் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும். "ரெண்டு நாள் பொறுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். ரெண்டு நாளெல்லாம் முடியாது, இப்போதே ஒரு வார்த்தை வேண்டும் என்று அந்த அம்மா எழுந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. பக்கத்தில் இருந்தவள் ஷஃபானா. எடுத்தாள்.

"ஹலோ, அம்மாவா?" அயாஸ்தான். அங்கே விடியற்காலை. பங்கில் ஷிப்ட் முடிகிற நேரம். "போன் கார்டுல அஞ்சு நிமிஷம் மிச்சம் கீது. அதான் சும்மா போட்டேன்."

"ஷஃபானா பேசறேன் மச்சான். எலெக்ஷன் இன்னும் முடிவாகல."

"எந்த எலெக்ஷன்?"

அறையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓ, அதுவா? போன வாரமே முடிஞ்சிடல அது? பங்க்ல ஒரே வேலை, டிவி பார்க்கவே நேரமில்ல" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு ஜெயிச்சா?" என்றான்.

"திரும்ப எண்ணப் போறாங்களாம். எவ்ளோ நாளாகும்னு தெரியலயாம்."

"அப்டியா? சரி சரி. அப்ப முடிவாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். அம்மாகிட்ட சொல்லிடு." மழைக்கு லீவு என்று சொன்னதும் அவள் வகுப்புப் பிள்ளைகளுடைய குரல் லேசாகிவிடுமே, அயாஸின் குரல் அப்படி லேசானது. ஷஃபானாவுக்கு அந்தக் குரலைத் தினமும் கேட்டுப் பழக்கம். இவன் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு நாள் புரியாமல் போனதற்குத்தான் வெட்கமாக இருந்தது. வருத்தம் வரட்டும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வரவில்லை.

"சாப்டியா?" என்றான் அவன்.

"சாப்டேன்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டாள்.

"ஏன்டி வெச்சிட்டே? என்கிட்ட குடுக்கக் கூடாதா? இன்னா சொன்னான் எம்புள்ள?" பதருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னைத் தூக்கி வளர்த்த கை. ஆறு வருஷமாக மகன் முகத்தைப் பார்க்காத மனுஷி, அவன் வருவான் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் சோறு தின்கிறாள்.

"கார்டு தீர்ந்துபோச்சு மாமி. ராத்திரி பூரா தூங்கலயாம். எண்ணி முடிக்கிற வரைக்கும் டிவி முன்னாடியே உக்காந்துகினு இருக்காராம். எப்படியாவது வந்துடணும்னு சொன்னாரு."

பதருன்னிசாவின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? எம்புள்ள எவ்ளோ தவிச்சிகினு கீறான் பாருங்க!"

செங்கல்பட்டு அம்மா செருப்பைத் தேடினாள். ஷஃபானா நேராக அவளிடம் போனாள். அத்தாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குச் சம்மதங்க. ரமலானுக்கு முன்னாடியே வெச்சிக்கலாம்" என்றாள்.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள். மதார் சாகிப் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதருன்னிசா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பார்வையில் இதுவரை ஷஃபானா பார்க்காத ஒரு வெறுப்பு வந்திருந்தது.

"அவன் அங்க தூங்காம கெடக்குறான்னு நீதானேடி சொன்னே" என்றாள் பதருன்னிசா. "ஆறு வருஷம் பொறுத்தவளுக்கு ரெண்டு நாள் பொறுக்க முடியலியா?"

"முடியல மாமி" என்றாள் ஷஃபானா.